சங்கிலியில் தொங்கிய கொப்பரை

விறகு கிடைக்காத புல்வெளியில் கறியை எப்படி வேகவைப்பது? கிமு 5-ஆம் நூற்றாண்டிலேயே ஹெரோடோட்டஸ் இதற்குப் பதில் எழுதி வைத்திருக்கிறார். கருங்கடலுக்கு வடக்கே வாழ்ந்த சித்தியர்கள், பலியிட்ட விலங்கின் கறியை எலும்பிலிருந்து பிரித்துக் கொப்பரையில் போடுவார்கள். அந்த எலும்புகளையே அடியில் போட்டு எரிப்பார்கள். கொப்பரை இல்லையா? விலங்கின் இரைப்பைதான் பாத்திரம். கறியையும் தண்ணீரையும் அதற்குள் நிரப்பி, அதே எலும்புத் தீயில் வேகவைத்துவிடுவார்கள். ஒரு மாட்டைச் சமைக்க அந்த மாடே போதும்.

அந்தச் சித்தியர்களின் மொழிக் குடும்பத்தில் இன்றும் பேசப்படும் ஒரு மொழி காக்கசஸ் மலையில் இருக்கிறது. ஒசேத்திய மொழி. சுற்றிலும் காக்கசிய மொழிகளும் துருக்கிய மொழிகளும் இருக்க, நடுவில் தனியாக ஓர் ஈரானிய மொழி. அதைப் பேசுபவர்கள் இடைக்காலத்தில் ஆலன்கள் என்று அழைக்கப்பட்ட மக்களின் வழிவந்தவர்கள். அவர்கள் வீட்டில் இன்று கொதிக்கும் குழம்பின் பெயர் லிவ்ஜா.

செய்முறை எளிமையானதுதான். பெரும்பாலும் மாட்டிறைச்சி, பெரிய துண்டுகளாக. வெங்காயத்தோடு வதக்கி, தண்ணீர் ஊற்றி, கறி மெத்தென்று ஆகும்வரை பொறுமையாக வேகவிட வேண்டும். பிறகு உருளைக்கிழங்கு, குடைமிளகாய், தக்காளி. கடைசியில் நசுக்கிய பூண்டு, கூடவே துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த, கொஞ்சம் காரமான வாசனையுள்ள ஒரு மூலிகை. அவ்வளவுதான். ‘ஒசேத்தியர்களின் பாரம்பரிய உணவு’ என்று எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள்.

ஆனால் அந்தக் காய்களை இன்னொரு தடவை பாருங்கள். உருளை, தக்காளி, குடைமிளகாய் மூன்றும் அமெரிக்கக் கண்டத்தின் பயிர்கள். நம் ரசத்துக்குள் தக்காளி வந்த அதே கடல்வழிக் கதைதான் இதுவும். ஹெரோடோட்டஸ் காலத்துச் சித்தியரும் சரி, இடைக்கால ஆலன்களும் சரி, இதில் ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். அப்படியென்றால் இதில் பாரம்பரியம் எங்கே இருக்கிறது?

பதில் வேண்டுமென்றால் ஆலன்களின் வீழ்ச்சியிலிருந்து தொடங்க வேண்டும். அவர்கள் வடக்குக் காக்கசஸ் சமவெளியில் அரசாண்டவர்கள். 1239-40 குளிர்காலத்தில் மங்கோலியப் படை அவர்களுடைய மகாஸ் நகரை முற்றுகையிட்டு அழித்தது. 1395-இல் தைமூர் வந்தார். மிஞ்சியவர்கள் மலை இடுக்குகளுக்குள் ஒதுங்கினார்கள். கல் கோபுரங்கள், கொஞ்சம் பார்லி, ஆடு மாடு. ஒரு மாடு நிற்கும் அளவு நிலத்துக்கு ஒரு மாட்டின் விலை என்று அந்த மலையைப் பற்றிச் சொல்வார்கள். அது வெறும் பேச்சுக்குச் சொன்னது இல்லை. விளைநிலம் அவ்வளவு அரிது. அங்கே காய்கறித் தோட்டம் போட யாருக்கு இடம் இருந்திருக்கும்?

அந்த மலை வீடுகளின் நடுவில் அடுப்பு இருந்தது. அதற்கு மேலே கூரையிலிருந்து ஓர் இரும்புச் சங்கிலி தொங்கும். ரஹிஸ் என்று பெயர். கொப்பரையை அதில்தான் மாட்டுவார்கள். சஃபா என்ற தெய்வம் அதன் காவலர். சங்கிலியைப் பிடித்துக்கொண்டுதான் சத்தியம் செய்வார்கள். கல்யாணப் பெண் பிறந்த வீட்டை விட்டுக் கிளம்பும்போது அடுப்பைச் சுற்றி வந்து விடைபெறுவாள். கொலை செய்துவிட்டு ஓடி வந்தவன்கூட அதைத் தொட்டுவிட்டால் அந்த வீட்டின் அடைக்கலம் அவனுக்கு உண்டு. ஒரு வீட்டின் சங்கிலியைப் பிடுங்கி வெளியே எறிவதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. அது ரத்தப் பழியில் போய்தான் முடியும்.

1784-இல் ருஷ்யப் பேரரசு விளாதிகாவ்காஸ் கோட்டையைக் கட்டியது. 19-ஆம் நூற்றாண்டில் ஒசேத்தியர்கள் கூட்டம் கூட்டமாக மலையிலிருந்து மறுபடியும் சமவெளிக்கு இறங்கினார்கள். இப்போது நிலம் இருந்தது, தோட்டம் இருந்தது. புதுக் காய்கள் கொப்பரைக்குள் வந்த பாதை இதுதான். உருளைக்கிழங்குக்கு ஒசேத்திய மொழியில் கார்த்தோஃப் என்று பெயர். ஜெர்மன் சொல் ருஷ்ய மொழி வழியாக வந்து சேர்ந்தது. கிழங்கு எந்த வழியாக வந்தது என்பதை அதன் பெயரே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. எல்லாப் பானையும் மாறவில்லை. ஒசேத்தியர்களின் வழிபாட்டு விருந்துகளில் ஆண்கள் பலியிட்ட விலங்கின் கறியைப் பெரிய கொப்பரையில் உப்புப் போட்டு வேகவைப்பார்கள். தக்காளிக்கு அங்கே வேலை இல்லை. விலங்கின் தலை, வரிசையில் முதலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் முன்னால் வைக்கப்படும். மூன்று பாலாடைக்கட்டி அடைகளை வைத்து அவர் பிரார்த்தனை சொல்வார். பிறகு அந்தத் தலையின் காதை அறுத்து இளையவர்களிடம் கொடுப்பார். பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு நட என்று அர்த்தம்.

ஆக ஒரே மக்களிடம் இரண்டு பானைகள். சாமிக்கு முன்னால் கொதிக்கும் பானை பழையதைப் பிடித்துக்கொண்டது. வீட்டில் பிள்ளைகளுக்காகக் கொதித்த பானை கிடைத்ததையெல்லாம் உள்ளே வாங்கிக்கொண்டது. முதல் பானைதான் உண்மையான பாரம்பரியம், இரண்டாவது கலப்படம் என்று சொல்லத் தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை. முற்றுகையிலும் பஞ்சத்திலும் இடப்பெயர்விலும் ஒரு மக்களைத் தூக்கி நிறுத்துவது தினசரிச் சோறு. அந்தச் சோறு மாற மறுத்திருந்தால், விருந்தில் காதை வாங்கிக்கொள்ளப் பிள்ளைகளே இருந்திருக்க மாட்டார்கள்.

இன்று விளாதிகாவ்காஸின் அடுக்குமாடி வீடுகளில் கேஸ் அடுப்புதான். சங்கிலி மாட்டக் கூரையில் இடம் கிடையாது. மொழியையும் நலிவடையக்கூடிய மொழிகளின் பட்டியலில் யுனெஸ்கோ சேர்த்திருக்கிறது. லிவ்ஜாவில் இனி எந்தக் காய் சேரும் என்று நான் கவலைப்படவில்லை. கொப்பரைக்கு அவர்கள் மொழியில் ஆக் என்று சொல்வார்கள். அடுப்படியில் நிற்கும் அம்மா ‘அந்த ஆக்கை எடு’ என்று ஒசேத்திய மொழியில் சொன்னால், திரும்பிப் பார்க்க ஒரு பிள்ளை இருக்குமா என்பதுதான் என் கவலை.