1894: சென்னைக்கு வந்த அயர்லாந்துக்காரர்

காங்கிரஸ் மாநாட்டுத் தலைவர்களின் பட்டியலை நாம் எல்லோரும் பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருப்போம். பானர்ஜி, நௌரோஜி, தயாப்ஜி என்று போகும் அந்தப் பட்டியலில் 1894-க்கு நேராக ஆல்பிரட் வெப் என்று ஒரு பெயர் இருக்கும். இடம் சென்னை. யார் இந்த வெப்? ஒரு அயர்லாந்துக்காரர் ஏன் நம் ஊர் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார்? அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வெப் 1834-ல் பிறந்தவர். டப்ளின் நகரில் அச்சகம் நடத்திய குவேக்கர் குடும்பம். அவருடைய தந்தை ரிச்சர்ட் வெப் அடிமை முறையை எதிர்த்துப் போராடியவர். அமெரிக்காவில் அடிமையாக இருந்து தப்பிய பிரெடெரிக் டக்ளஸ் எழுதிய சுயசரிதை 1845-ல் டப்ளினில் அச்சானது அவர்கள் அச்சகத்தில்தான். அதே ஆண்டுதான் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் தொடங்கியது. சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள், இன்னும் 10 லட்சம் பேர் நாட்டை விட்டே போனார்கள். வெப் அப்போது சிறுவன்.

பஞ்சம் என்றால் நமக்கும் தெரியாதா என்ன? அன்று நம் அரூர், தர்மபுரி எல்லாம் சேலம் மாவட்டத்தில் இருந்தவை. 1871 கணக்கெடுப்பில் சேலம் மாவட்ட மக்கள்தொகை ஏறக்குறைய 19.7 லட்சம். 1876-78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, 1881-ல் அது ஏறக்குறைய 16 லட்சம்! பெருக வேண்டிய மக்கள்தொகை ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. இரண்டு நாடுகளையும் ஆண்டது ஒரே அரசுதான்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். லண்டன் பாராளுமன்றத்தில் அயர்லாந்துக்கு 103 இடங்கள் இருந்தன. அதில் சுமார் 80 பேர் 'ஹோம் ரூல்' கேட்டவர்கள். இந்தியாவுக்கு எத்தனை இடம்? ஒன்றுகூட இல்லை. 1892-ல் தாதாபாய் நௌரோஜி வென்றதும் லண்டனில் ஃபின்ஸ்பரி தொகுதி மக்கள் ஓட்டில்தான், அதுவும் ஒற்றை இலக்க வித்தியாசத்தில்! எனவே பாராளுமன்றத்தில் நமக்காகக் குரல் கொடுக்க யாரையாவது தேட வேண்டிய நிலை. மேற்கு வாட்டர்ஃபோர்டு தொகுதி உறுப்பினரான வெப், நௌரோஜியின் நண்பர். அப்படித்தான் அவருக்கு அழைப்பு போனது. அவருக்கு முன் தலைமை வகித்த வெளிநாட்டவர் இருவருமே ஸ்காட்லாந்துக்காரர்கள்: 1888-ல் ஜார்ஜ் யூல், 1889-ல் வெட்டர்பர்ன்.

வெப் தலைமை வகித்தபோது அயர்லாந்தின் நிலைமையும் அவ்வளவு நன்றாக இல்லை. 1890-ல் பார்னல் விவகாரத்தால் அவர்கள் கட்சி இரண்டாகப் பிளந்திருந்தது. 1893-ல் ஹோம் ரூல் மசோதாவை மக்கள் சபை நிறைவேற்றியும் பிரபுக்கள் சபை 419-க்கு 41 என்ற கணக்கில் தூக்கி எறிந்தது. 1894 மார்ச்சில் கிளாட்ஸ்டன் பதவி விலகினார். ஆக, வந்தவர் ஜெயித்த நாட்டின் பிரதிநிதி அல்ல, தோற்றுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்த நாட்டின் பிரதிநிதி.

டிசம்பர் கடைசியில் சென்னையில் பத்தாவது மாநாடு கூடியது. பிரதிநிதிகள் ஆயிரத்துக்கும் மேல். அங்கே எழுந்த பிரச்சினைகளில் மூன்று:

முதலாவது, பருத்தி வரி. லங்காஷயர் துணிக்கு இறக்குமதி வரி போட்டால் இந்திய மில்களுக்கு லாபம் வந்துவிடும் என்று, இந்திய மில் சரக்குக்கும் அந்த மாதமே உற்பத்தி வரி போட்டார்கள்.

இரண்டாவது, ஐ.சி.எஸ். தேர்வு. அதை லண்டனில் மட்டுமல்லாமல் இந்தியாவிலும் நடத்தலாம் என்று 1893-ல் மக்கள் சபையே தீர்மானம் போட்டும், அரசு அதை ஏற்கவில்லை.

மூன்றாவது, நேட்டால். அங்கே இந்தியர்களின் ஓட்டுரிமையைப் பறிக்க மசோதா வந்தது. 24 வயது வக்கீல் காந்தி மனு எழுதிக்கொண்டிருந்தார். சென்னைத் துறைமுகத்திலிருந்து கூலி ஒப்பந்தத்தில் போன தமிழர்கள் அங்கே ஏராளம். மாநாடு அவர்களுக்காகவும் தீர்மானம் நிறைவேற்றியது.

தீர்மானங்கள் என்ன ஆயின? நேட்டால் சட்டத்தை லண்டன் ஏற்கவில்லை, ஆனால் 1896-ல் அதே சட்டம் வேறு வார்த்தைகளில் வந்துவிட்டது. ஐ.சி.எஸ். தேர்வு இந்தியாவில் 1922-ல்தான் தொடங்கியது. பருத்தி வரி ஒழிய 1926 ஆனது. முப்பது வருஷம்!

இன்னொன்றும் நடந்தது. 1895-ல் வெப் பாராளுமன்றப் பதவியை விட்டு விலகினார். அதே ஆண்டுத் தேர்தலில் நௌரோஜி தோற்றார். சென்னை மாநாடு முடிந்து ஒரு வருஷம் ஆவதற்குள் அந்த இரண்டு குரல்களும் பாராளுமன்றத்தில் இல்லை. இரவல் குரலின் ஆபத்து இதுதான். கொடுத்தவர் நல்லவராகவே இருந்தாலும், அவருடைய நாற்காலி நம் கையில் இல்லை.

அதற்காக வெப் வந்தது வீண் என்று சொல்ல மாட்டேன். தன் நாட்டுக் கஷ்டத்தோடு நிற்காமல், கடல் தாண்டி வந்து இன்னொரு நாட்டின் கஷ்டத்தையும் பேசியவர் அவர். அது சாதாரண விஷயம் அல்ல. 1916-ல் அன்னி பெசன்ட் அம்மையார் இதே சென்னையில் ஹோம் ரூல் இயக்கம் தொடங்கியபோது, அந்த அயர்லாந்துச் சொல் நம் தெருக்களுக்கே வந்துவிட்டது.

அதே காலத்தில் நம் பக்கத்திலும் ஒருவர் இருந்தார். 1882 சேலம் கலவர வழக்கில் 10 ஆண்டு தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் விடுதலையான சேலம் விஜயராகவாச்சாரியார். தொடக்க காலம் முதல் காங்கிரசில் இருந்தவர். 1920-ல் நாக்பூர் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியது அவர்தான். பட்டியலில் அந்த வருஷத்துக்கு நேராக நம் சேலத்துக்காரர் பெயர் இருக்கிறது. 1894-லிருந்து அங்கே வந்து சேர 26 வருஷம் ஆகியிருக்கிறது.

அடுத்த முறை அந்தப் பட்டியலைப் படிக்கும்போது, இந்த இரண்டு பெயர்களிலும் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள்.