பலுகுதலும் கனிதருதலும்: ஓர் ஆங்கிலச் சொல்லும் தென்னார்க்காட்டு நிலமும்

குருசேகரங்களிலிருந்து ஆண்டுதோறும் அனுப்பப்பெறும் அறிக்கைகளைப் படிப்போர், "இவ்வாண்டு பலன் நிறைந்த ஆண்டாய் அமைந்தது" என்னும் தொடரை அடிக்கடி காண்பர். ஆங்கிலத்தில் எழுதுவோர் 'ஃப்ரூட்ஃபுல்' என்னும் பெயரடையை இவ்விடத்தில் ஆள்வர். தொடரை அடுத்து எண்கள் வரும்: திருமுழுக்குப் பெற்றோர் இத்தனைபேர், திடப்படுத்தல் பெற்றோர் இத்தனைபேர், அறுப்பின் பண்டிகைக் காணிக்கை இவ்வளவு. எண்கள் குறைந்த ஆண்டில் அத்தொடர் மறைந்துவிடும். ஆர்க்காட்டு மிஷன் 1853-இல் ஸ்கடர் சகோதரரால் நிறுவப்பெற்ற நாள்தொட்டு, திண்டிவனம் போன்ற அதன் நிலையங்களிலும், அண்டையில் டேனிஷ் மிஷன் உழைத்த ஊர்களிலும், இச்சொல்லின் நிழலிலேயே ஊழியம் அளக்கப்பட்டு வந்துள்ளது. அச்சொல்லின் பிறப்பையும் வழக்கையும், அது தமிழில் நுழைந்தபோது அடைந்த மாற்றங்களையும் நாம் ஈண்டு ஆராய விரும்புகிறோம்.

ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீனில் உள்ளது. 'ஃப்ரூக்டுஸ்' என்னும் பெயர் 'ஃப்ரூயி' என்னும் வினையின் வழிவந்தது. அவ்வினைக்குத் துய்த்தல், நுகர்தல் என்பன பொருள். ஆகவே மரத்தில் தொங்கும் பொருளைக் குறிப்பதற்கு முன்னரே, ஒன்றைத் துய்த்துப் பெறும் பயனை அச்சொல் குறித்தது. உரோமச் சட்டத்தில் பிறருடைய நிலத்தின் விளைவை நுகரும் உரிமைக்கு இதே வேரிலிருந்து பெயர் அமைந்தது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்திற்குள் வந்த இச்சொல்லோடு 'நிறைந்த' என்னும் பொருளுடைய ஈறு சேர்ந்து, 14-ஆம் நூற்றாண்டு முதலே மரம், நிலம், கருப்பை, உள்ளம், உழைப்பு என ஒவ்வொன்றாகத் தழுவிக்கொண்டது.

ஆனால் ஆதியாகமம் முதல் அதிகாரத்தில், மானிடரை நோக்கிய ஆசீர்வாதத்தில் இச்சொல் தொடக்கத்தில் இடம்பெறவில்லை என்பதை நம் மாணவர் பலர் அறியார். எரோமின் இலத்தீன் மொழிபெயர்ப்பு 'வளருங்கள்' என்னும் பொருளுள்ள வினையையே ஆண்டது. 1530-இல் ஐந்தாகமங்களை வெளியிட்ட டிண்டேலும், 1535-இல் முழுத் திருமறையை அச்சிட்ட கவர்டேலும் அவ்வாறே 'வளருங்கள்' என்றனர். 1560-ஆம் ஆண்டின் ஜெனீவா மொழிபெயர்ப்பாளர்கள்தாம் எபிரேயத்தின் 'பாரா' என்னும் வினைக்குள் 'பெரீ', அதாவது கனி, ஒளிந்திருப்பதை ஆங்கிலத்தில் வெளிக்கொணர்ந்து, 'கனி கொடுங்கள்' என மொழிந்தனர். 1611-இல் ஜேம்ஸ் அரசரின் மொழிபெயர்ப்பில் அதனிடத்தில் நாம் எடுத்துக்கொண்ட பெயரடையே நின்றது. வினை பெயரடையானதும் மரம் செய்யும் ஒரு செயல் மனிதனின் இலக்கணமாயிற்று. கனி கொடுத்தல் ஒரு பருவத்தில் நிகழ்வது. 'ஃப்ரூட்ஃபுல்' என்பதோ ஒருவன் எப்பொழுதும் அணிந்திருக்க வேண்டிய பட்டம் போல் ஆகிவிட்டது.

பின்னர் வந்த பொருளியலார் இதனோடு வேறொரு பெயரடையையும் கொண்டுவந்தனர். பிரான்சில் கெனே என்பார் 1758-இல் வெளியிட்ட தம் பொருளாதார அட்டவணையில் உழவரை மட்டுமே ஆக்கமுள்ள வகுப்பினர் என்றார். கைவினைஞரையும் வணிகரையும் 'மலட்டு வகுப்பினர்' என வகுத்தார். 1776-இல் ஆடம் ஸ்மித் இவ்வரம்பை மாற்றி, விற்கத்தக்க பொருளில் நிலைபெறும் உழைப்பே ஆக்கமுள்ளது என்றார். அவர் தரும் ஆக்கமற்றோர் பட்டியலில் குருமாரும், வழக்கறிஞரும், மருத்துவரும், நாடக நடிகரும், கோமாளிகளும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். அவர்களை இழிவுபடுத்த அவர் அங்ஙனம் எழுதவில்லை. அவருடைய கணக்கில் செய்தவுடனே மறைந்துவிடும் பணி யாவும் அவ்வகையே. எனினும் அப்பட்டியலைப் படிக்கும் ஒரு போதகர் சற்றே நகைக்கவும், சற்றே சிந்திக்கவும் இடமுண்டு.

இனித் தமிழுக்கு வருவோம். 1714-இல் தரங்கம்பாடியில் தமிழ்ச் சுவிசேஷங்களை அச்சிடத் தொடங்கிய சீகன்பால்குவும், 1772-இல் புதிய ஏற்பாட்டை வெளியிட்ட பப்ரிசியுவும் லூத்தரின் ஜெர்மன் திருமறையைக் கேட்டு வளர்ந்தவர்கள். லூத்தர் அவ்வாசீர்வாதத்தில் 'கனியுள்ளவராய் இருங்கள்' என்னும் பொருள்படும் பெயரடையையே ஆண்டிருந்தார். ஆனால் ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871-இல் முழுமைபெற்ற ஐக்கிய மொழிபெயர்ப்பில் நாம் காண்பது 'பலுகுதல்' என்னும் தமிழ் வினை. இது 'பல்குதல்' என்னும் பழஞ்சொல்லின் திரிபு. 'பல' என்பதன் அடியாக வந்தமையால் ஒன்று பலவாதலையே இது குறிக்கும். கனிக்கும் இதற்கும் உறவில்லை. 'பலன்' என்னும் வடசொல்லோடு ஒலியால் ஒத்திருப்பதால் நம் சபையார் பலர் இரண்டையும் ஒன்றென எண்ணுகின்றனர். யாத்திராகமத்தின் தொடக்கத்திலும், எப்பிராயீமுக்கு யோசேப்பு பெயரிடும் இடத்திலும் இவ்வினையே வருகிறது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பும் ஆதியாகமத்தில் இதனை விடவில்லை. தென்னார்க்காட்டில் பணிசெய்த டேனிஷ் மிஷனின் ஊழியராக 1889-இல் இந்தியா வந்த எல்.பி. லார்சன் தலைமையில் உருவாகி 1936-இல் வெளியான திருத்திய மொழிபெயர்ப்பு, புலமை மிக்கதாயிருந்தும் சபைகளில் வேரூன்றவில்லை. பழகிய சொல்லைச் சபை எளிதில் கைவிடாது.

பலுகுதல் ஒன்றோடு நம் மொழிபெயர்ப்பாளர்கள் நிற்கவில்லை. ஆங்கிலம் ஒரே பெயரடையால் சொன்னதை அவர்கள் இடமறிந்து பிரித்தனர். சங்கீதம் 128-இன் மனையாளுக்கும், யாக்கோபின் ஆசீர்வாதத்தில் யோசேப்புக்கும் 'கனிதரும்' என்னும் அடைமொழி. ஏசாயாவின் திராட்சத்தோட்ட மேட்டுக்கும், சங்கீதம் 107-இன் தேசத்திற்கும், லீஸ்திராவில் பவுல் கூறும் பருவங்களுக்கும் 'செழிப்பு'. மத்தேயு 13-இன் நல்ல நிலத்துக்குப் 'பலன்'. இவற்றுள் இறுதியானதே நம் கவனத்திற்கு மிகவும் உரியது. யோவான் 15-இலும் மத்தேயு 13-இலும் கிரேக்கத்தில் 'கார்பொஸ்' என்னும் ஒரே சொல்லே உள்ளது. தமிழில் முன்னது கனி, பின்னது பலன். காரணம் எளிது. நெற்பயிருக்குக் கனியுண்டு எனத் தமிழுழவன் சொல்லமாட்டான். விதைப்பவன் உவமையில் நூறும் அறுபதும் முப்பதும் வருவதால் அங்கு எண்ணத்தக்க சொல்லே பொருந்தும். 'கனி' என்பதோ முதலில் ஒரு வினை. பழுத்தல், இளகுதல், நெகிழ்தல் அதன் பொருள். காயும் மரத்தில் விளைந்ததுதான், ஆயினும் அது கனியன்று. 'கனிவு' என இரக்கத்தைக் கூறுவதும் இச்சொல்லாலேயே. ஆவியின் கனியைப் பற்றிக் கலாத்தியரில் படிக்கும் தமிழ்க் கிறிஸ்தவன், ஆங்கிலம் படிப்பவன் கேளாத ஒன்றைக் கேட்கிறான் என்று கூறலாம்.

நிற்க. நிலத்தின் விளைவைக் குறிக்கத் திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்து உழவர் ஆளும் சொற்களையும் நோக்க வேண்டும். ஒரு பருவத்துப் பயிர் 'போகம்' எனப்படும். ஏரிப்பாசன நன்செய் ஒருபோகமா இருபோகமா என்று கேட்பதே வழக்கு. போகம் என்பதற்கும் நுகர்ச்சி என்பதே மூலப்பொருள். இலத்தீனில் நுகர்ச்சியிலிருந்து கனி பிறந்தது போல, இங்கு நுகர்ச்சியிலிருந்து பயிர் பிறந்துள்ளது. ஒன்றையொன்று அறியாத இரு மரபுகளில் இவ்வொற்றுமை அமைந்தமை வியப்பிற்குரியது. முன்னாளில் 'ஒருபூ, இருபூ' என்றும் கூறினர். அரபு வழிவந்த 'மகசூல்' என்னும் சொல் வருவாய்த்துறையின் வாயிலாகப் பரவிற்று. களத்தில் அடித்துத் தூற்றி அளந்தபின் கைக்கு வருவது 'கண்டுமுதல்'. பயிர் எவ்வளவு பசுமையாய் நின்றாலும் கண்டுமுதல் ஆகும்வரை உழவன் வாய்திறக்கமாட்டான். ஆண்டறிக்கை எழுதுவோர்க்கு இச்சொல்லை நாம் பரிந்துரைக்கிறோம்!

விளைவுக்கும் கல்விக்கும் இருந்த உறவுக்கு விழுப்புரத்தை அடுத்த எண்ணாயிரம் சான்று. முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு அங்கு இயங்கிய வேதக் கல்லூரியில் 270 இளநிலை மாணவரும் 70 முதுநிலை மாணவரும் பயின்றதைக் கூறுகிறது. அவர்க்கும் ஆசிரியர்க்கும் அளிக்கப்பட்டது நெல். அந்நெல்லை விளைவித்தவர் அக்கல்லூரியில் அமர்ந்தவரல்லர். ஆடம் ஸ்மித் எழுப்பிய வினாவை இக்கல்வெட்டின் அருகே வைத்துப் பார்த்தால் வேறொரு முகம் தெரிகிறது. ஆக்கமற்றவர் யார் என்பதைவிட, ஆக்கியவன் எங்கே போனான் என்பதே இங்கு எழும் வினா.

கும்பினியார் 1801-இல் ஆர்க்காட்டு நாட்டைத் தம் ஆட்சிக்குள் கொண்டுவந்தபின், ரயத்துவாரி முறையில் ஒவ்வொரு வயலும் அளக்கப்பட்டு, மண்ணின் தன்மைக்கேற்பத் 'தரம்' வகுக்கப்பட்டு, அதன்மேல் தீர்வை விதிக்கப்பட்டது. பயிரிடப்படாது நின்றது தரிசு. உழைத்தவரையோ எவரும் தரம் வகுக்கவில்லை. பண்ணையாட்களாயிருந்த தலித் மக்கள் ஏரின்பின் நடந்து, கண்டுமுதலை அளந்துகொடுத்து, கூலியாக நெல் பெற்றுச் சேரிக்குத் திரும்பினர். தென்னார்க்காட்டுத் திருச்சபையின் பெரும்பகுதி இவர்கள் வழிவந்ததே. அண்டை மாவட்டமான செங்கற்பட்டில் ஸ்காத்லாந்து சுயாதீன சபையின் ஆடம் ஆண்ட்ரூ, வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கூடி முதலியோர் இவர்களுக்கு நிலம் வேண்டுமென வாதாடினர். ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் அம்மக்களின் நிலையை அறிக்கையாக அளித்தார். 1892 செப்டம்பர் 30 நாளிட்ட 1010-ஆம் எண் அரசாணையால் அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் வழி திறந்தது. இன்று 'பஞ்சமி நிலம்' என நாம் அறிவது இவ்வழி வந்ததே. பிறருக்கு விற்கலாகாது என்னும் நிபந்தனைகளும் அதற்கு விதிக்கப்பட்டன.

ஒதுக்கப்பட்டது பெரும்பாலும் தரிசு என்பதை மறத்தலாகாது. எவரும் தீர்வை கட்டி ஏற்காத மண்ணே, ஏற்க ஏதுமில்லாதவருக்குக் கிடைத்தது. அம்மண்ணை வெட்டித் திருத்தி விளையச் செய்தபின், அதன் பெரும்பகுதி கடனாலும் அச்சத்தாலும் பிறர் கைகளுக்குப் போயிற்று. 1994 அக்டோபரில், காரணை என்னும் ஊரின் பஞ்சமி நிலத்தை மீட்கக்கோரிச் செங்கற்பட்டில் நடந்த போராட்டத்தில் காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் இருவர் உயிரிழந்தனர். பலன் தரும் நிலத்தைப் பற்றிப் பிரசங்கிக்கும் நாம், அப்பலன் யாருடைய களத்தில் அளக்கப்படுகிறது என்பதைக் கேளாது கடந்து செல்ல இயலாது. யோசேப்பு தன் இளைய மகனுக்குப் பெயரிடுகையில், தான் பலுகினது சிறுமைப்பட்ட தேசத்தில் என்பதையும் சேர்த்தே கூறுகிறான். எப்பிராயீம் என்னும் பெயருக்குள் 'பாரா' என்னும் அவ்வினையே ஒலிக்கிறது. ஆனால் இஸ்ரவேலர் மிகுதியாய்ப் பலுகினபோது புதிய பார்வோன் கண்டது ஆசீர்வாதத்தை அன்று, அச்சத்தை.

இச்சொல்லின் கூர்மை இல்லங்களிலும் படுகிறது. திருமண ஆராதனையில் சங்கீதம் 128-ஐ வாசிக்கிறோம். மணமக்கள் மகிழ்கின்றனர், அதே ஆலயத்தில் பிள்ளைப்பேறு இல்லாத ஒரு பெண் தலைகுனிந்து அமர்ந்திருக்கிறாள். 'மலடி' என்னும் சொல்லை நம் திருமறையே ஆள்வதால், ஊர் அதனை அச்சமின்றி ஆள்கிறது. ஆதியாகமத்தின் சொற்கள் ஏவல் வடிவில் இருந்தாலும் அவற்றுக்கு முன் 'ஆசீர்வதித்தார்' என்னும் வினை நிற்பதையும், மீன்களும் பறவைகளும் மானிடருக்கு முன்னரே அவ்வாசீர்வாதத்தைப் பெற்றதையும் போதகர்கள் விளக்கிச் சொல்லுதல் நலம். ஆசீர்வாதத்தைக் கட்டளையாக்கினால், பெறாதவள் கீழ்ப்படியாதவள் ஆகிவிடுகிறாள்.

திண்டிவனம் என்னும் பெயர் 'திந்திரிணி வனம்', அதாவது புளியங்காடு, என்பதிலிருந்து வந்தது என்பர். விதையிலிருந்து வளரும் புளி காய்ப்பதற்கு ஏழெட்டு ஆண்டுகளாவது செல்லும். அதற்கு ஆண்டறிக்கை எழுத இயலாது. அதே ஊரின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம், குடியாத்தம் கொத்து வகையிலிருந்து தேர்ந்தெடுத்து 1940-இல் வெளியிட்ட 'டி.எம்.வி. 2' என்னும் நிலக்கடலை, ஊரின் பெயரைத் தன் எழுத்துகளில் தாங்கிப் பல மாநிலங்களுக்குச் சென்றது. இவ்வட்டாரத்தார் 'மல்லாட்டை' என்றழைக்கும் அச்செடி மேலே பூக்கும். பூ வாடியபின் அதன் விழுது மண்ணுக்குள் இறங்கி அங்கே காய்க்கும். நாற்பது, நாற்பத்தைந்து நாளில் ஜிப்சம் இட்டு மண் அணைத்தால்தான் விழுதுகள் எளிதில் இறங்கும். பிடுங்கிப் பார்த்து அறிய முனைபவன் செடியை இழப்பான்.

லூக்கா 13-இல் மூன்று ஆண்டு காய்க்காத அத்திமரத்தைக் குறித்துத் தோட்டக்காரன் கேட்பதும் இதுவே: இன்னும் ஓராண்டு, சுற்றிலும் கொத்தி, எருவிட அனுமதி. எசமான் மரத்தை எண்ணினான். தோட்டக்காரன் மண்ணைப் பார்த்தான். அம்மரம் மறு ஆண்டு காய்த்ததா என்பதைச் சுவிசேஷகர் எழுதவில்லை.