சூரனுக்கு முகம் வந்த வரலாறு

சங்கப் பாடல்களில் வரும் சூருக்குத் திட்டமான உருவம் கிடையாது. மலையில் உறையும், சுனையில் உறையும், தீண்டினால் வருத்தும், அவ்வளவுதான். முருகன் கடலுக்குள் புகுந்து சூரை அழித்ததைச் சொல்லும் திருமுருகாற்றுப்படையும் இந்த இடத்தில் சொற்சிக்கனம் காட்டுகிறது. இரண்டு பெரிய உருவங்கள் சேர்ந்த ஓர் உடம்பு என்பதோடு அது நின்றுவிடும். எந்த இரண்டு என்பது கேட்பவர் பாடு. அதே நூல் மலையில் ஆடும் சூரரமகளிரைக் காலடி முதல் கூந்தல் பூ வரை விரித்துப் பேசுகிறது. ஆகவே புலவர் சூரின் வடிவத்தை வருணிக்கத் தெரியாமல் விட்டார் என்பதற்கில்லை. பின்னால் உரை எழுதிய நச்சினார்க்கினியருக்கு அந்த இடைவெளி பொறுக்கவில்லை போலும். குதிரை முகமும் மனித உடலும் என்று நிரப்பிவிட்டார்.

இந்தப் பழைய முருக வழிபாட்டின் தடயம் மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் இருக்கிறது. 2004 சுனாமி மணலை வாரிச் சென்றதில் கல்வெட்டுப் பாறை வெளிப்பட, இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது முருகன் கோயில் ஒன்று கிடைத்தது. அதன் அடியிலுள்ள செங்கல் கட்டடத்தைச் சங்க காலத்தது என்று அகழ்ந்தவர்கள் கருதினர். அங்கே பெரிதும் பேசப்பட்ட பொருள் கல்லில் செய்த வேல். அந்த வேலால் வெல்லப்பட்டவனின் சிலை அல்ல.

கல்லில் உருவம் செதுக்க வந்த பல்லவச் சிற்பிக்கு இந்த வசதி இல்லை. பாட்டில் மழுப்பலாம், உளி எங்காவது இறங்கியாக வேண்டும். அதே சாளுவன்குப்பத்துப் புலிக்குகையைச் சுற்றி யாளிகள் கண்ணை உருட்டி நிற்கின்றன. மாமல்லபுரத்து மகிடாசுரமர்த்தினி குகையில் 7ஆம் நூற்றாண்டின் மகிடாசுரன் எருமைத் தலையும் மனித உடலுமாகத் தெளிவாக நிற்கிறான். தலைக்கு மேல் குடை, கையில் கதை, பின்வாங்கும் உடல். அச்சத்தைவிட ராஜகம்பீரமே அவனிடம் மிகுதி.

சூரனை முழுதாக விவரித்துத் தீர்த்தது காஞ்சிபுரம். குமரகோட்டத்தோடு தொடர்புடைய கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தில் 10,345 பாடல்கள். அதில் சூரபன்மனுக்குத் தாய் தந்தையர், 108 யுக ஆயுள், 1,008 அண்டங்களின் ஆட்சி, கடல் நடுவே தலைநகர் எல்லாம் வந்துவிட்டன. ஒரு தம்பி ஆயிரம் சிங்கத் தலையோடும் இன்னொரு தம்பி யானை முகத்தோடும் வருகிறார்கள். தங்கைக்கு ஆட்டு முகம். அணியும் கணக்கும் ஏற ஏற வியப்பு பெருகுகிறது, பயம் கரைகிறது. அச்சத்துக்கு மங்கல் வேண்டும் என்று அயர்லாந்தில் பிறந்த சிந்தனையாளர் எட்மண்ட் பர்க் 1757இல் எழுதினார். மில்டன் தம் காவியத்தில் மரணத்துக்கு உருவமற்ற உருவம் கொடுத்ததே அவர் காட்டிய சான்று.

வானில் அசுரரோடு போர் நடந்த தலமாகச் சொல்லப்படும் திருப்போரூரில் ஐப்பசி சஷ்டிக்குச் சூரசம்ஹாரம் நடக்கும். சூரசம்ஹார விழாக்களில் யானைத் தலையைக் கழற்றிச் சிங்கத் தலையை மாட்டுவதைக் கூட்டம் ஆரவாரத்தோடு பார்க்கும். சிறுவர்களுக்கும் அது கொண்டாட்டம்தான்.

உருவமில்லாத பயம் பேச்சு வழக்கில் தங்கிவிட்டது. உச்சிவேளையில் தனியே போகிற பிள்ளையைக் ‘காத்து கருப்பு’ என்று சொல்லித் தடுப்பார்களே தவிர, அதற்குக் கொம்பு உண்டா என்று யாரும் விளக்குவதில்லை. மதுராந்தகத்து ஏரிகாத்த ராமர் கதையும் இந்த உத்தியில்தான் ஓடுகிறது. பயமுறுத்த அல்ல, காப்பாற்ற. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏரி உடையும் நிலையில் இருந்த மழை இரவில், கலெக்டர் லயனல் பிளேஸ் கரைமேல் வில்லேந்திய இருவரைக் கண்டார் என்பது ஊர் வழக்கு. முகம், நிறம், நகை எதுவும் கதையில் முதன்மை பெறுவதில்லை. அந்த இருவரும் ராமலட்சுமணர் என்று ஊர் தெரிந்துகொண்டது. ஜனகவல்லித் தாயார் சந்நிதி பிளேஸ் துரையின் தர்மம் என்று கோயில் கல்வெட்டு குறிக்கிறது.