நான்காம் மெட்ரோ வழித்தடமும் இணைப்புப் பேருந்துகளும்: பயணியின் கணக்கிலிருந்து ஓர் ஆய்வு

1. களம்

சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கி.மீ. நீளமுள்ள மூன்று வழித்தடங்களைக் கொண்டது. 63,246 கோடி ரூபாய் மதிப்பிலான இத்திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை 2024 அக்டோபரில் ஒப்புதல் அளித்தது. இதில் கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி புறவழிச்சாலை வரையிலான 26.1 கி.மீ. நான்காம் வழித்தடம் மட்டுமே இங்கு ஆராயப்படுகிறது. மயிலாப்பூர், தி.நகர், கோடம்பாக்கம், வடபழனி என்று 12பி பேருந்து நெடுங்காலமாக ஓடிப் பழக்கிய ஊர்களைத்தான் இத்தடமும் தொடுகிறது. ரயில் வந்தபின் அதே சாலையில் பேருந்து எதற்கு என்ற கேள்வி எழுவது உறுதி. அதற்கு விடை தேடுவதே இக்கட்டுரை.

2. முன் அனுபவம்

பறக்கும் ரயில் 1995இல் கடற்கரை – சேப்பாக்கம் இடையே தொடங்கி, 1997இல் மயிலாப்பூருக்கும் 2007இல் வேளச்சேரிக்கும் நீண்டது. நிலம் கிடைப்பது எளிது என்பதால் பாதையின் பெரும்பகுதி பக்கிங்காம் கால்வாயை ஒட்டியே போனது. பேருந்துகளோ பழைய சாலைகளிலேயே ஓடின. நிலையங்கள் பிரம்மாண்டமாக எழுந்தன. வாசலில் இறங்கியவருக்கு அடுத்த வண்டி இல்லை. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டபோதும் பக்கத்து ரயில் நிலையம் முடிந்திருக்கவில்லை. இதற்கு மாறாகக் கோயம்பேட்டில், 2002இல் வந்த பேருந்து நிலையத்தை ஒட்டியே 2015இல் மெட்ரோ நிலையம் அமைந்தது. பெட்டியோடு இறங்குபவர் நடந்தே வண்டி மாறுகிறார்.

3. காத்திருப்பின் கணக்கு

நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்கு வருபவரின் சராசரிக் காத்திருப்பு, வண்டிகளின் இடைவெளியில் பாதி. வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து வந்தால் பாதிக்கும் மேல். ரயில் மிச்சப்படுத்தித் தரும் 15 நிமிடத்தை, ஒழுங்கற்ற ஓர் இணைப்புப் பேருந்து அப்படியே விழுங்கிவிடும். அவர் ஷேர் ஆட்டோவில் ஏறிவிடுவார். மறுநாள் ரயில் பக்கமே வரமாட்டார்.

வண்டித் தேவையைக் கணக்கிடுவது எளிது. போய்த் திரும்பி, சற்று நின்று புறப்பட 40 நிமிடம் ஆகும் தடத்தில் 8 நிமிடத்துக்கு ஒன்று வேண்டுமென்றால் 5 பேருந்துகள் தேவை. இரண்டை மட்டும் விட்டால் இடைவெளி 20 நிமிடமாகும். வழித்தட எண் பலகையில் இருக்கும், பயணி இருக்கமாட்டார்.

4. இணையான பேருந்தை நிறுத்தலாமா?

ஒரே சாலையில் இரண்டு சேவை வீண் செலவு என்ற வாதம், வண்டிகளை எண்ணுகிறது, ஆட்களை எண்ணவில்லை. சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணமில்லை. மெட்ரோவிலோ குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய். போரூரிலிருந்து வடபழனிக்கு வீட்டு வேலைக்குப் போகும் ஒரு பெண், மாதம் 25 நாள் போய் வருகிறார் என்று கொள்வோம். இன்று அவர் செலவு சுழியம். பேருந்தை எடுத்துவிட்டால், குறைந்தபட்சக் கட்டணத்தில் பார்த்தாலும் மாதம் 500 ரூபாய். உண்மையில் தூரத்துக்கேற்ப இன்னும் கூடும். ரயில் வந்ததனால் அவர் ஏழையாகிறார். இதை எந்தத் திட்ட அறிக்கையின் லாபக் கணக்கிலும் மறைக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

தூரக் கணக்கும் உண்டு. மெட்ரோ நிலையங்கள் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்கு ஒன்று. பேருந்து அதற்குள் இரண்டு மூன்று இடங்களில் நிற்கிறது. முழங்கால் வலியுள்ளவருக்கு அந்த இடைத்தூரம் சிறிதன்று. ஆகவே இணைத் தடத்தில் விரைவுப் பேருந்துகளைக் குறைக்கலாம். சாதாரணப் பேருந்துகளைத் தொடக்கூடாது.

5. குறுக்குத் தடங்கள்

விடுபடும் வண்டிகள் குறுக்கே திரும்ப வேண்டும். குன்றத்தூர், மாங்காடு, முகலிவாக்கம் மக்களுக்குப் போரூர் நிலையம்தான் வாசல். வளசரவாக்கத்தின் குறுகிய தெருக்களில் பெரிய பேருந்து திரும்பாது. 2013இல் மாநகர் போக்குவரத்துக் கழகம் தொடங்கிய சிற்றுந்துகளே அங்கு பொருந்தும். ஆழ்வார்திருநகர் – ஆலப்பாக்கம் இடையே நான்காம், ஐந்தாம் தடங்கள் ஒரே தூண்வரிசையில் ஈரடுக்காக ஓடவிருப்பதால், அங்கு இறங்குவோர் கூட்டம் இரு திசையிலிருந்தும் வரும்.

6. பொறுப்பு

சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமமான கும்டாவுக்கு 2010இலேயே சட்டம் வந்தது; அது முறையாக இயங்கத் தொடங்கியது 2022இல்தான். 2025இல் வந்த ‘சென்னை ஒன்’ செயலி பேருந்துக்கும் ரயிலுக்கும் ஒரே பயணச்சீட்டைத் தந்தது நல்ல தொடக்கம். ஆனால் ஒரே சீட்டு, ஒரே கட்டணம் ஆகாது. இணைப்புப் பேருந்தின் கட்டணம் ரயில் கட்டணத்துக்குள் அடங்க வேண்டும். பெண்களின் கட்டணமில்லாப் பயணம் இணைப்புப் பேருந்துகள் அனைத்துக்கும் பொருந்த வேண்டும்.

பேருந்து நிறுத்தத்தின் இடத்தையும் இப்போதே குறிக்க வேண்டும். திருமயிலை நிலையம் சுமார் 35 மீட்டர் ஆழத்தில் அமைகிறது. அங்கிருந்து மேலேறி வருபவருக்கு நிறுத்தம் வாசலிலேயே வேண்டும். சாலையைக் கடந்து தேட வைக்கக் கூடாது. மின்தூக்கியும் படிக்கட்டும் வெளிவரும் இடங்களில் கான்கிரீட் இறுகிவிட்டால் பிறகு நகர்த்த முடியாது.