கற்பள்ளியும் கடல்வழி வந்த விருந்தினரும்

கி.பி. 1340களில் மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, அரபியர் மஅபர் என்றழைத்த நம் கிழக்குக் கரைக்கு வந்தார். ஃபத்தன் என்னும் துறைமுக நகரில் கல்லால் கட்டிய அழகிய பள்ளிவாசலைக் கண்டதையும், நைசாபூரைச் சேர்ந்த ஷைகு முஹம்மது என்ற பெரியாரைச் சந்தித்ததையும் தம் பயணநூலில் பதிந்துள்ளார். அந்த ஃபத்தன் இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினமே என்பர் ஆய்வாளர் சிலர். அவ்வூர் மண்ணில் கிடைத்த சீனப் பீங்கான் ஓடுகள் பழைய கடல்வாணிகத்தின் சான்றுகள்.

அயலூரிலிருந்து வருபவரைப் பேணுவது நமக்கு மார்க்கக் கடமையும் ஆகும். ஜகாத் பெறும் எண்வகையினருள் வழிப்போக்கரையும் திருக்குர்ஆன் (9:60) சேர்த்துள்ளது. விருந்தோம்பல் மூன்று நாள் என்பது நபிமொழி. பள்ளிவாசல்களை அடுத்து முசாபிர்கானாக்கள் எழுந்தது இந்த உணர்வினால்தான்.

பெரியபட்டினத்திற்கு மேற்கே உள்ளது கீழக்கரை. உமறுப் புலவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதியின் ஊர் அது. அங்குள்ள பழைய கற்பள்ளியின் தூண்களைக் காண்போர் கோயில் மண்டபத்தை நினைவுகூர்வர். கல்தச்சரின் தமிழ் மரபு அப்படியே இருக்கிறது; உருவச் சிற்பங்களின் இடத்தில் பூவும் கொடியும் இருக்கின்றன. நாம் இம்மண்ணோடு எவ்வாறு கலந்து வாழ்ந்தோம் என்பதற்கு இதனினும் தெளிவான ஆவணம் வேண்டுமோ?

இன்று வருவோர் அரைமணி நேரம் நின்று, படம் பிடித்துச் சென்றுவிடுகின்றனர். ஊருக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. அதே மாவட்டத்துக் காரங்காட்டில் வேறொரு வழி காணலாம். வனத்துறையின் துணையோடு அவ்வூர் மக்களே விருந்தினரை அலையாத்திக் காட்டிற்குள் படகில் அழைத்துச் செல்கின்றனர். ஊர்ப் பெண்கள் மீனுணவு சமைத்துத் தருகின்றனர். வருவாய் ஊரில் தங்குவதால், காட்டைக் காப்பதும் ஊராரின் அக்கறையாகிறது.

நம் கடற்கரை ஊர்களிலும் இது இயலும். அரபுத்தமிழ் படிக்கத் தெரிந்த முதியோர், ஓலைப்பெட்டி முடையும் பெண்கள், வீட்டில் கிண்டிய தொதல் என நம்மிடம் செல்வம் நிறைய உண்டு. தொழுகை நேரம், உடை, வீடுகளின் அந்தரங்கம் ஆகியவற்றுக்கான வரம்புகளை ஜமாஅத்தே வகுக்கட்டும். வழிகாட்டும் பொறுப்பை உள்ளூர் இளைஞர் ஏற்கட்டும்.

தாமதிக்க நேரமில்லை. அருமை அறியாத தலைமுறை, பள்ளியை விரிவாக்கும் நாளில் பழைய தூணைப் பெயர்த்தெறியத் தயங்காது. “இதைக் கட்டியவர் யார்?” என்று விருந்தினர் கேட்கும்போது, நம் பிள்ளைகள் விடை சொல்லத் தெரிந்தவர்களாக நிற்க வேண்டும். அதற்கு வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக!