அழித்தும் அழியா மடல்கள்: 1986ஆம் ஆண்டும் மின்னஞ்சலின் அந்தரங்கமும்

முன்னுரை

ஓலையை நெருப்பிலிட்டால் சாம்பலாகும். தாளைக் கிழித்தெறிந்தால் அதில் எழுதியது அத்துடன் முடியும். மின்னஞ்சலின் இயல்போ வேறு. ஒருவர் தம் திரையிலிருந்து நீக்கிய மடல், அவர் அறியாத வேறோரிடத்தில் படியாக எஞ்சியிருக்கக்கூடும். அப்படி யாரிடம் உள்ளது, எத்தனை காலம் இருக்கும், அதைத் திறந்து பார்க்கும் உரிமை யாருக்கு உண்டு என்னும் வினாக்களுக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டின் இறுதியில், ஒரே ஆட்சியில், ஏறத்தாழ ஐந்து வார இடைவெளியில் நிகழ்ந்த இரு நிகழ்ச்சிகளை முன்வைத்து அவ்வரலாற்றை ஆராய இக்கட்டுரை முற்படுகின்றது.

180 நாள் வரம்பு

1986 அக்டோபர் 21ஆம் நாள் அதிபர் ரொனால்டு ரீகன் மின்னணுத் தொடர்பு அந்தரங்கச் சட்டத்தில் கையொப்பமிட்டார். ஒட்டுக்கேட்டலைக் கட்டுப்படுத்திய 1968ஆம் ஆண்டுச் சட்டம் கணினிவழிச் செல்லும் மடல்களைக் கருத்தில் கொண்டிராமையால், இப்புதிய சட்டம் தேவைப்பட்டது. இதன் இரண்டாம் பகுதி, சேவை நிறுவனங்களின் கணினிகளில் சேமிக்கப்பட்டுள்ள மடல்களைப் பற்றியது. 180 நாளுக்கு மேற்படாத மடலைப் பெற, அரசு நீதிபதியிடம் தக்க காரணம் காட்டிச் சோதனை ஆணை பெறவேண்டும். அவ்வரம்பைக் கடந்த மடலுக்கோ அதனினும் எளிதில் கிடைக்கும் அழைப்பாணையே போதும். மடலுக்கு உரியவருக்கு முன்னறிவிப்புத் தரவேண்டும் எனினும், அதனையும் தள்ளிவைக்க இடமளிக்கப்பட்டது.

இவ்வரம்பு அக்காலத் தொழில்நுட்பத்தின் விளைவு எனலாம். அன்று சேமிப்பு வட்டுகளின் விலை மிகுதி. பயனர்கள் தொலைபேசி இணைப்பின்வழி மடல்களைத் தத்தம் கணினிக்கு இறக்கிக்கொண்டனர். நிறுவனத்தின் கணினி இடைத்தங்கலாகவே விளங்கியது. எனவே, ஆறு மாதம் கடந்தும் அங்கேயே கிடக்கும் மடல், உரியவரால் கைவிடப்பட்ட பொருளுக்கு ஒப்பாக எண்ணப்பட்டது.

வெள்ளை மாளிகையின் நாடாக்கள்

அதே ஆண்டு நவம்பரில், ஈரானுக்கு மறைவாக ஆயுதங்களை விற்று, அப்பணத்தின் ஒரு பகுதியை நிகராகுவா அரசை எதிர்த்த கிளர்ச்சியாளர்க்குத் திருப்பிவிட்ட செய்தி வெளிப்பட்டது. தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் ஜான் பாயின்டெக்ஸ்டரும், அவர்கீழ்ப் பணியாற்றிய ஆலிவர் நார்த்தும் ஐ.பி.எம். நிறுவனத்தின் 'புரோஃப்ஸ்' என்னும் முறையில் மின்னஞ்சல்களைப் பரிமாறி வந்தனர். விசாரணை நெருங்கிய அம்மாத இறுதியில், முன்னவர் 5,000-க்கும் மேற்பட்ட மடல்களையும் பின்னவர் 700-க்கும் மேற்பட்ட மடல்களையும் நீக்கினர். நவம்பர் 25 அன்று இருவரும் பதவியை இழந்தனர்.

அவர்கள் நீக்கியவை திரையில் மறைந்தன. காப்புப்படிக்காக எடுக்கப்பட்டிருந்த காந்த நாடாக்களில் நிலைத்திருந்தன. வழக்கமாகச் சில வாரங்களில் மறுபடி பயன்படுத்தப்படும் அந்நாடாக்கள், இம்முறை தனியே எடுத்துவைக்கப்பட்டன. அவற்றிலிருந்து மீட்கப்பட்ட மடல்கள், 1987 பிப்ரவரியில் வெளிவந்த டவர் ஆணையத்தின் அறிக்கைக்கு முதன்மைச் சான்றுகளாயின.

1989 சனவரி 19 அன்று, ரீகன் பதவி விலகுவதற்கு முந்தைய நாள், தேசியப் பாதுகாப்பு ஆவணக் காப்பகம் என்னும் அரசு சாரா நிறுவனமும் செய்தியாளர் ஸ்காட் ஆம்ஸ்ட்ராங்கும் இத்தகைய நாடாக்களை அழிக்கலாகாது என வழக்குத் தொடுத்தனர். மடல்களைத் தாளில் அச்சிட்டு வைத்தாலே போதும் என்பது அரசின் வாதம். 1993 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை ஏற்க மறுத்தது. மடலைப் பெற்றவர் யார், எப்போது பெற்றார் போன்ற விவரங்கள் அச்சுப்படியில் விடுபடக்கூடும் என்பதே காரணம். சான்று மூலங்களை நாடும் நமக்கு இத்தீர்ப்பு மிகவும் பயனுடையது.

தனிமனிதரின் மடல்கள்

அழியாத படி ஆட்சியாளரின் செயலை மக்களுக்குக் காட்டியது போன்றே, தனிமனிதரின் வாழ்வை ஆட்சியாளருக்கும் காட்டவல்லது. 2010 டிசம்பரில் தீர்ப்பளிக்கப்பட்ட வார்ஷாக் வழக்கு இதற்குச் சான்றாகும். ஒகையோ வணிகர் ஒருவரின் மடல்களைப் படியெடுத்து வைக்குமாறு அரசு 2004இல் அவருடைய சேவை நிறுவனத்தைக் கேட்டது. அவருக்கு அது தெரிவிக்கப்படவில்லை. பின்னர் ஏறத்தாழ 27,000 மடல்கள் சோதனை ஆணையின்றியே பெறப்பட்டன. இது அரசியலமைப்பின் நான்காம் திருத்தத்திற்கு முரணானது என ஆறாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும், அரசு அதிகாரிகள் சட்டத்தை நல்லெண்ணத்துடன் நம்பிச் செயற்பட்டமையால், அம்மடல்கள் சான்றிலிருந்து விலக்கப்படவில்லை. அதாவது, 1986ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை மீறலுக்கே கேடயமாக நின்றது.

இதற்கிடையில் சூழலும் மாறிவிட்டது. சில மெகாபைட் இடமே தரப்பட்ட இலவச மின்னஞ்சல் உலகில், 2004 ஏப்ரலில் ஜிமெயில் ஒரு கிகாபைட் இடத்துடன் அறிமுகமானது. மடலை நீக்க வேண்டிய தேவை குறைந்தது. ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைப்பது இயல்பாயிற்று. பழைய மடல் கைவிடப்பட்ட மடல் என்னும் கருத்து இதனால் அடிப்படை இழந்தது. நீக்கப்பட்ட தரவு தன் கணினிகளிலிருந்து முழுமையாக அகலப் பொதுவாக இரண்டு மாதம் ஆகும் என்றும், காப்புப்படிகளில் ஆறு மாதம் வரை இருக்கக்கூடும் என்றும் கூகிள் நிறுவனமே குறிப்பிடுகின்றது. 2016இல் 180 நாள் வரம்பை நீக்கும் மசோதா அமெரிக்கக் கீழவையில் 419 வாக்குகளுடன், எதிர்ப்பு வாக்கு ஒன்றுமின்றி நிறைவேறியும், மேலவையில் நிறைவேறவில்லை.

முடிவுரை

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் தொழில்நுட்பம் ஒன்றே, உரிமைகள் வேறு. பொதுப் பதவியிலிருந்து எழுதப்பட்ட மடல் மக்களின் ஆவணம். அதைக் காப்பது அரசின் கடமை. தனிமனிதர் எழுதிய மடல் அவருடையது. அவர் அழிக்க விரும்பினால் அது அழியவேண்டும், அழியும்வரை காக்கப்படவேண்டும். மடலின் வயதை அளவுகோலாகக் கொண்ட சட்டம் இவ்வேறுபாட்டைக் காணத் தவறியது. எழுதியவர் யார், எந்தத் தகுதியில் எழுதினார் என்பனவே உரிய அளவுகோல்கள் என்பது நம் கருத்து. மாணவர்தம் மடல்களையும் கட்டுரைகளையும் அன்றாடம் மின்னஞ்சல்வழிப் பெறும் ஆசிரியர்களாகிய நாமும், 'நீக்கு' என்னும் கட்டளை எதை நீக்குகின்றது, எதை நீக்குவதில்லை என்பதை அறிந்திருத்தல் கடமையாகும்.