வன்னிக் காட்டில் மோட்ச நிச்சயம்

வன்னிநிலத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் ஒருவருக்கு அந்திய காலம் நெருங்கிவிட்டதென்று தெரிந்ததும், சுவாமியாருக்கு ஆள் அனுப்புகிற அதே வேளையில் கோவில் மூப்பருக்கும் ஆள் போவது பழைய வழக்கம். சுவாமியார் பல மைலுக்கு அப்பால் இருப்பார், மூப்பரோ நாலு வேலிக்கு அப்பால் இருப்பார். அவர் வந்து, நோயாளியின் வலக்கையில் பாடுபட்ட சுரூபத்தை வைத்து, அது நழுவாதபடி மகளையோ மருமகளையோ பிடித்துக்கொள்ளச் செய்து, மந்திரித்த மெழுகுதிரியைக் கொளுத்தித் தலைமாட்டில் நிறுத்திவிட்டு, காதோரம் குனிந்து, இயேசு, மரி, சூசை என்ற மூன்று திருநாமங்களையும் மூச்சுக்கு ஒரு தரமாக, அவசரமின்றிச் சொல்லத் தொடங்குவார். என் ஆச்சியின் கடைசி இரவில் நான் சிறுவனாய்க் கதவோரம் நின்று இதைக் கண்டேன். நினைவு தெளிந்த ஒரு கணத்தில் ஆச்சி கண்ணைத் திறந்து, "மூப்பர், நான் கரையேறுவனே?" என்று கேட்டா. மூப்பர் திரியைக் கையில் எடுத்துக்கொண்டு, "மாதா விடமாட்டா ஆச்சி. நாங்கள் இத்தனை பேர் நிண்டு சொல்லுறம்" என்றார். ஆச்சி அதற்குப்பின் ஒன்றும் கேட்கவில்லை.

அந்தக் கேள்வி கிறிஸ்தவ உலகத்தையே இரண்டாகப் பிளந்த கேள்வி என்பதையும், அந்த மறுமொழிக்குப் பின்னால் இந்தக் காட்டிலேயே விளைந்த முந்நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் இருந்தது என்பதையும் நான் அறிந்தது வெகு காலத்துக்குப் பிறகுதான்.

இரட்சணியத்தைக் "கரையேறுதல்" என்று சொல்வது பிறவியைக் கடலாகக் கண்ட நம் பழந்தமிழ் மரபிலிருந்து கிறிஸ்தவர்களுக்கு வந்த முதுசம். கரையேறுவோமா என்பதை உயிரோடிருக்கும்போதே ஒருவன் திட்டமாய் அறியக்கூடுமா என்ற வினாவை 16ஆம் நூற்றாண்டில் எழுப்பியவர் மார்ட்டின் லூத்தர். கிறிஸ்துவின் வாக்குத்தத்தத்தைப் பற்றிக்கொண்டவனுக்கு அந்த நிச்சயம் உண்டு என்று அவரும், அவருக்குப்பின் கல்வீனும் போதித்தனர். இதற்கு விடையாகத் திரெந்து நகரில் கூடிய கத்தோலிக்கப் பொதுச்சங்கம் 1547இல், விசேஷ வெளிப்பாடு பெற்றாலன்றி எவனும் தன் இறுதி நிலைபேற்றை ஐயந்திரிபற அறிந்ததாகச் சாதிக்கலாகாது என்றும், ஆயினும் தேவனுடைய உதவியில் யாவரும் உறுதியான நம்பிக்கை வைக்கவேண்டும் என்றும் தீர்மானித்தது. நிச்சயத்துக்கும் நம்பிக்கைக்கும் இடையே கிழிக்கப்பட்ட இந்த மெல்லிய கோட்டைப் பண்டிதர்கள் ஐரோப்பாவில் மையால் வரைந்தார்கள். மன்னாரிலும் வன்னியிலும் சாமானிய சனங்கள் அதைத் தங்கள் உயிரால் வரைய நேர்ந்தது.

திரெந்துச் சங்கம் கூடுவதற்கு முந்திய வருஷம், அதாவது 1544இல், யாழ்ப்பாணத்தரசன் சங்கிலியின் ஆணையால் மன்னாரில் புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்கள், சுமார் அறுநூறு பேர் என்று சொல்லப்படுவோர், வெட்டுண்டு மாண்டார்கள். வேதசாட்சியாய் மரித்தவனுடைய மோட்சத்தைப் பற்றித் திருச்சபை ஒருபோதும் ஐயுற்றதில்லை. அவனுக்காக வேண்டுவதை விட்டு அவனிடம் வேண்டிக்கொள்வதே அதன் வழக்கம். ஆகவே இந்தக் கரையில் கிறிஸ்தவம் வேரூன்றிய முதல் நாட்களிலேயே, ஐயத்துக்கிடமில்லாத ஒரு கரையேற்றத்தை ஊரார் கண்ணெதிரே கண்டுவிட்டார்கள். ஆனால் எல்லோருக்கும் வாள் வருவதில்லை. படுக்கையில் சாகிறவனுக்குப் பாவசங்கீர்த்தனமும் நற்கருணையும் அவஸ்தைப்பூசுதலுமே துணை. அவற்றைத் தருவதற்குக் குருவானவர் வேண்டும். பாவசங்கீர்த்தனம் செய்யும் முறையைத் தமிழில் கற்பிக்கும் நூலொன்றை அந்திரிக்கி பாதிரியார் 1580இலேயே கொச்சியில் அச்சிட்டுவிட்டார் என்பதிலிருந்து, கடலின் இரு கரைத் தமிழ்க் கிறிஸ்தவர்க்கும் அந்த அருட்சாதனம் எவ்வளவு இன்றியமையாததாயிருந்தது என்பது விளங்கும்.

1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின. அதே வருஷம் அவர்கள் வெளியிட்ட கட்டளைப்படி, கத்தோலிக்கக் குருவுக்குத் தங்க இடங்கொடுப்பவனுக்கு மரணதண்டனை. குருமார் நாட்டைவிட்டு அகற்றப்பட்டனர். கோவில்கள் சீர்திருத்தச் சபைக்கு மாற்றப்பட்டன. பிறப்பும் விவாகமும் பள்ளித் தோம்பில் பதியப்பட்டன. அதிலே பெயரில்லாதவனுக்கு உத்தியோகமில்லை, சொத்துரிமைக்கும் வில்லங்கம். ஒல்லாந்தருடைய சமயத்தைப் பற்றி நியாயமாய்ப் பேசவேண்டுமானால் ஒன்றைச் சொல்லியாகவேண்டும்: 1563இல் பிறந்த அவர்களுடைய ஹைடெல்பர்க் ஞானோபதேசம் தொடங்குவதே, வாழ்விலும் சாவிலும் மனிதனுக்கு எது ஆறுதல் என்ற விசாரணையோடுதான். கிறிஸ்துவுக்குச் சொந்தமாயிருப்பதே அந்த ஆறுதல் என்று அது போதிக்கும் விடையில் குற்றங்காண எந்தக் கிறிஸ்தவனாலும் இயலாது. அவ்வளவு மேலான போதனை தோம்பு ஏட்டின் வழியாகவும், அபராதத்தின் வழியாகவும் வந்ததே பரிதாபம். ஏட்டில் பெயர் ஏறியது. நெஞ்சில் நிச்சயம் ஏறவில்லை. ஒல்லாந்தர் ஆட்சி நீங்கிய பத்தே வருஷத்தில், 1806இல் யாழ்ப்பாணம் வந்த புக்கானன் என்ற போதகர், அவர்கள் விட்டுச்சென்ற சபை அநேகமாய் அற்றுப்போயிருந்ததைக் கண்டு வருந்தினார்.

கட்டளை எட்டாத இடம் காடு. மாந்தையிலிருந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் இருபது, 1670ஆம் வருஷ அளவில், தங்கள் கோவில் மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு கிழக்கே நடந்து, மருதமரங்கள் சூழ்ந்த ஒரு மடுவின் கரையில் தங்கின என்பது மரபு. யாழ்ப்பாணத்திலிருந்து தப்பிவந்த வேறு பலரும் பின்னர் அவர்களோடு சேர்ந்தனர். மடு என்று இன்று அழைக்கப்படும் அந்த மருதமடு, நிர்வாக வகையில் மன்னார் மாவட்டத்துக்குட்பட்டதாயினும், காட்டாலும் குளத்தாலும் காய்ச்சலாலும் வன்னியே. கண்டி இராச்சியத்தின் எல்லையோரத்தில், ஆயம் வாங்கும் கடவையாக அவ்விடம் இருந்ததென்பர். வன்னியை ஆண்ட குறுநிலத் தலைவர்களான வன்னியரோ ஒல்லாந்தருக்கு யானைகளைத் திறையாகக் கொடுத்துவிட்டுத் தம் போக்கில் வாழ்ந்தவர்கள். 1782 வரை வன்னியை ஒல்லாந்தர் முற்றாய் அடக்கவும் இல்லை. அந்த இடைவெளிக்குள் மாதாவின் சுரூபம் தங்கியது.

சுரூபம் இருந்தது, குரு இல்லை. 1658 முதல் 1687 வரை இருபத்தொன்பது வருஷம். இந்த எண்ணைச் சரித்திர நூல்கள் ஒரே வரியில் கடந்துபோகின்றன; நான் அதனருகே நிற்க விரும்புகிறேன். ஞானஸ்நானம் கொடுக்க அவசர வேளையில் எந்த விசுவாசிக்கும் அதிகாரம் உண்டு. ஆதலால் பிள்ளைகள் கிறிஸ்தவர்களாயினர். ஆனால் பாவப்பொறுத்தல் சொல்ல மூப்பரால் ஆகாது. பிள்ளைப்பேற்றில் சோர்ந்த தாயும், பாம்பு தீண்டிய வேட்டைக்காரனும், காட்டுக் காய்ச்சலில் கிடந்த கிழவனும், தாங்கள் விசுவசித்த மார்க்கத்தின்படியே மிகவும் வேண்டியிருந்த அந்த ஒரு சொல்லைக் கேளாமல் போகவேண்டியிருந்தது. அவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு செத்தார்கள்?

பிடித்துக்கொள்ள ஒன்று இருந்தது. நரகத்துக்கு அஞ்சியல்ல, அளவில்லாத நன்மையுள்ளவரை நோகப்பண்ணினோமே என்ற துக்கத்தாலேயே ஒருவன் மனம் கசிந்தானாயின், பாவசங்கீர்த்தனம் செய்யும் ஆசையும் அவனுக்கிருந்தால், குரு வருமுன்னரே தேவன் அவனைத் தம்மோடு ஒப்புரவாக்குகிறார் என்று அதே திரெந்துச் சங்கம் 1551இல் போதித்தது. தமிழ்க் கத்தோலிக்கர் இதற்கு வைத்த பேர் உத்தம மனஸ்தாபம். விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்ற மூன்று முயற்சிகளோடு உத்தம மனஸ்தாப மந்திரத்தையும் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாடமாக்கிவைக்கும் பழைய வழக்கம், சாகும் வேளையில் குரு கிடையாமற் போகலாம் என்ற முன்னறிவுள்ள வழக்கம். ஆனால் சாகிறவனுக்கு நா எழாது. மந்திரத்தை வேறொருவர் காதில் சொல்லவேண்டும். அவன் நெஞ்சு அதைப் பின்தொடரவேண்டும். தன் துக்கம் உத்தமமானதோ அச்சத்தால் வந்ததோ என்று தனக்குத்தானே அளந்து பார்க்கும் வலு அந்த வேளையில் எவனுக்கும் இல்லை. அந்த இடத்தில்தான் சூழநின்றவர்கள் தங்கள் குரலை அவனுக்குக் கடனாகக் கொடுத்தார்கள். என் ஆச்சிக்கு மூப்பர் சொன்ன மறுமொழி இந்த இருபத்தொன்பது வருஷத்தில் பிறந்தது என்றே நான் கருதுகிறேன். தனியொருவன் தன் நெஞ்சைத் தோண்டி எடுக்கும் நிச்சயத்தை அது தரவில்லை; கூடிநிற்பவர்கள் அவனுக்காகத் தாங்கிநிற்கும் நம்பிக்கையைத் தந்தது.

1687இல், கோவாவில் பிறந்த ஜோசே வாஸ் என்ற குருவானவர், கூலியாள் வேஷத்தில், யோவான் என்ற ஊழியனோடு, யாழ்ப்பாணக் கரையில் இறங்கினார். வந்தவுடன் வயிற்றுளைச்சல் கண்டு சாவின் விளிம்புவரை போய் மீண்டவர், கழுத்தில் ஜெபமாலையை வெளியே தெரிய அணிந்துகொண்டு வீடு வீடாய்ப் பிச்சைக்குப் போனார். அதைக் கண்டதும் யாருடைய முகம் மாறுகிறதோ அவர்கள் தம்மவர் என்று அறிந்துகொண்டார். சில்லாலையைத் தங்குமிடமாக்கி, இருளில் பூசை செய்து, இருளில் பாவசங்கீர்த்தனம் கேட்டார். இருபத்தொன்பது வருஷப் பாவங்களை ஒரு கிழவி அவர் காதில் சொன்ன அந்த இரவை எந்த ஏடும் பதிந்துவைக்கவில்லை. ஆயினும் அப்படியோர் இரவு இல்லாதிருந்திருக்க முடியாது. 1711 சனவரி 16இல் அவர் கண்டியில் காலமாகும்வரை, குரு வராத நாட்களுக்காக மூப்பர்களையும் அண்ணாவிமாரையும் ஆயத்தப்படுத்துவதைத் தம் வேலையில் முக்கியமாக வைத்துக்கொண்டார். பாப்பானவர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தியது 2015 சனவரி 14இல். அன்று பின்னேரமே பாப்பானவர் மடுவுக்கும் வந்தார்.

1806இல் கத்தோலிக்கருக்கு விரோதமான சட்டங்களை ஆங்கிலேயர் நீக்கினர். 1814இல் வந்த வெஸ்லியன் மிஷனரிமாரோடு "இரட்சிப்பின் நிச்சயம்" என்ற பழைய விவகாரம் வேறு கோலத்தில் வட இலங்கையில் மறுபடி நுழைந்தது. அவர்களுடைய இயக்கத்தைத் தொடக்கிவைத்த ஜோன் வெஸ்லி, 1738 மே 24ஆம் திகதி இரவு இலண்டனில் ஒரு ஜெபக்கூட்டத்திலே தம் உள்ளம் அனலுற்றதையும், தம் பாவங்கள் நீங்கின என்ற உறுதி பிறந்ததையும் திகதி குறித்து எழுதிவைத்தவர். அவ்விதமாய் நாளும் மணியும் சொல்லக்கூடிய நிச்சயத்தை இன்று கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் சிறு சபைகளில் பலர் சாட்சியாய்ச் சொல்கிறார்கள். யுத்தத்தில் யாவற்றையும் இழந்த ஒருத்தி எழுந்து, இந்த நாளில் நான் இரட்சிக்கப்பட்டேன் என்று சொல்லும்போது, அவளுடைய குரலில் இருக்கும் பலத்தை மறுக்க எனக்கு மனம் வராது. ஆனால் அவளையும் சூழ ஒரு கூட்டம் கைதட்டி நின்று அதைத் தாங்குகிறது என்பதையும் நான் கவனிக்கிறேன்.

மடுவில் பொன்சான் ஆண்டகை 1872இல் புதுக்கோவிலுக்கு வேலை தொடங்கினார். 1924 யூலை 2இல் மாதாவுக்கு முடிசூட்டப்பட்டது. மாட்டுவண்டியில் நாட்கணக்காய் வந்து பந்தலிட்டுத் தங்கிய சனம், திரும்பும்போது சேலைத்தலைப்பில் கோவில் மண்ணை முடிந்துகொண்டு போகும். பாம்புக்கடிக்கு மருந்தென்பது நம்பிக்கை. காட்டில் குருவின்றிச் செத்தவர்களுடைய சந்ததிக்கு அந்த மண் வெறும் மருந்தாக மட்டும் தோன்றியிராது.

2008 ஏப்பிரலில், யுத்தம் நெருங்கியபோது, சுரூபம் மறுபடியும் அடைக்கலம் தேடித் தேவன்பிட்டிக்குத் தூக்கிச் செல்லப்பட்டு, அதே வருஷம் ஆவணித் திருவிழாக் காலத்தில் மடுவுக்குத் திரும்பியது. சனங்கள் திரும்பவில்லை. அவர்கள் கிழக்கே, இன்னும் கிழக்கே, முல்லைத்தீவுக் கடற்கரைவரை தள்ளப்பட்டார்கள். வலைஞர்மடத்துக் கோவிலில் அடைக்கலம் புகுந்தவர்களோடு குருமாரும் கன்னியாஸ்திரீகளும் இருந்தனர். 2009 மே 18ஆம் திகதி யுத்தகளத்தை விட்டு வெளியேறும் வழியில் ஒரு குரு களைத்து விழுந்து உயிர்விட்டார். இராணுவத்திடம் சரணடைந்தவர்களோடு கூடப்போன இன்னொரு குரு இன்றுவரை திரும்பவில்லை. இருபத்தொன்பது வருஷத்துப் பழைய வறுமை அந்தச் சில மாதங்களில் பன்மடங்காகத் திரும்பிவந்தது: திரி இல்லை, சுரூபம் இல்லை, காதோரம் குனிந்து நாமம் சொல்லவும் பலருக்கு ஆளில்லை.

யூலை 2ஆம் திகதியோ ஓகஸ்ட் 15ஆம் திகதியோ மடுவுக்குப் போகிறவர்கள், தங்கள் நேர்த்திகளை முடித்துக்கொண்டு எழுந்திருக்குமுன், அப்படிச் செத்தவர்களில் ஒருவரை நினைத்து, அந்த மூன்று திருநாமங்களையும் அவருக்காக ஒருமுறை மெல்லச் சொல்லுங்கள். பேர் தெரிந்தால் பேரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.